கஞ்சாவும் கருவூலமும்

கஞ்சா விற்பனைக்குச் சட்ட இசைவு வேண்டும் என்று வாதிடுவோர் இன்று உலகெங்கும் ஒரு பழைய இந்திய அறிக்கையைச் சான்றாகக் காட்டுகின்றனர். ஆங்கில அரசு 1893-ஆம் ஆண்டில் அமர்த்திய ஆணையம் ஒன்று, நாடு முழுவதும் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்தது. மூவாயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதிய பின், கஞ்சாவை முற்றாகத் தடை செய்வது தேவையுமன்று, தக்கதுமன்று என்று 1894-இல் முடிவு கூறியது. அளவோடு பயன்படுத்துவோர்க்குப் பெருந்தீங்கு நேர்வதில்லை என்றும் அது சொல்லிற்று. இத்துணை விரிவாக ஆராய்ந்து சொல்லப்பட்ட பின்னும் தடை எதற்கு என்பது அவர்தம் வினா.

வினா நேர்மையானது. விடையும் வரலாற்றிலிருந்தே வரவேண்டும். அவ்வறிக்கைக்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது வேறொரு செய்தியைச் சொல்கிறது. கட்டுப்படுத்தி விற்பது என்பது இன்று புதிதாகக் கண்ட வழியன்று. இந்த மண்ணில் நூறாண்டுக்கு மேல் நடந்து பார்த்த வழி அது. அவ்வழியில் போதைப்பொருளைச் சார்ந்து வாழப் பழகியவற்றுள் அரசின் கருவூலமும் ஒன்று. குடிமக்களின் உடல்நலத்தைக் காக்க வேண்டிய கை, அவர்களின் போதையில் காசு எண்ணத் தொடங்கிய வரலாறே கஞ்சாவின் சட்டமுறை விற்பனை வரலாறு.

செடி ஒன்று, வடிவம் மூன்று

கஞ்சாச் செடியிலிருந்து மூவகைப் போதைப்பொருள்கள் கிடைக்கின்றன. இலையை அரைத்துப் பாலிலோ நீரிலோ கலந்து அருந்துவது பாங்கு. பெண் செடியின் பூங்கொத்தைப் பிசினோடு உலர்த்திப் புகைப்பது கஞ்சா. பிசினை மட்டும் திரட்டி எடுப்பது சரஸ். மூன்றிலும் போதை தருவது டி.எச்.சி. என்னும் ஒரே வேதிப்பொருள். அதன் அளவு பாங்கில் குறைவு, கஞ்சாவில் மிகுதி, சரஸில் அதனினும் மிகுதி. ஆண் செடியின் மகரந்தம் பட்டுப் பூ விதை பிடித்துவிட்டால் பிசின் குறைந்துவிடும். ஆகவே ஆண் செடிகளை முன்கூட்டியே அடையாளங்கண்டு பிடுங்குவதற்கென்றே தேர்ந்த ஆட்கள் வங்காளத்தில் இருந்தனர்.

இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்துதல் வேண்டும். கஞ்சா என்னும் ஒரே சொல்லைக் கொண்டு, எல்லாக் காலத்துக்கும் எல்லா வீரியத்துக்கும் பொதுவாகத் தீர்ப்புக் கூறுவதே இவ்விவாதத்தில் நிகழும் முதற் பிழை.

வரி விதித்த காலம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், 1793-ஆம் ஆண்டு வங்காளத்தில் பிறந்த ஒழுங்குவிதி, போதைப்பொருள்களை உரிமமின்றிச் செய்வதையும் விற்பதையும் விலக்கியது. அளவுமீறிய நுகர்வைத் தடுப்பது, பொது வருவாயைப் பெருக்குவது என்னும் இரு நோக்கங்களும் அவ்விதியில் ஒருங்கே நின்றன. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா என்னும் ஐயம் அன்றைய ஆட்சியாளர்க்கு எழவில்லை. நுகர்வு குறைந்தால் வருவாய் குறையும். வருவாய் பெருக வேண்டுமாயின் நுகர்வு பெருக வேண்டும். ஒரே விதிக்குள் அடைக்கப்பட்ட இம்முரண்பாடுதான் பின்வந்த வரலாறு முழுவதையும் நடத்திச் சென்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராஜஷாகி மாவட்டத்து நவகாவ் வட்டாரம் வங்காளத்தின் ‘கஞ்சா மகால்’ ஆயிற்று. உரிமம் பெற்றவரே பயிரிடலாம். வயல்கள் கண்காணிக்கப்பட்டன. அறுவடையான சரக்கு அரசின் பூட்டுக்குட்பட்ட பண்டகசாலைக்கு வந்து, தீர்வை செலுத்திய பின்னரே வெளியேறியது. 1917-இல் பயிரிடுவோரின் கூட்டுறவுச் சங்கம் அங்கே தோன்றிற்று. அதன் வருவாயிலிருந்து பள்ளிகளுக்கும் மருந்தகங்களுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் பணம் சென்றது. ஓர் ஊரின் கல்விக்கும் மருத்துவத்துக்கும் வேறோர் ஊரின் போதை படியளந்த விந்தையை நவகாவில் கண்டனர். அப்பகுதி இன்று வங்கதேசத்தில் உள்ளது. 1987-இல் அவ்வரசு கஞ்சாப் பயிருக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

சென்னை மாகாணத்தில் கிருட்டிணா மாவட்டத்திலும் வடஆர்க்காட்டுச் சவ்வாது மலையிலும் கஞ்சா பயிராயிற்று. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள், சாராயத்தோடு இதனையும் தீர்வைக்குட்பட்ட பொருளாக்கியது. கடைகள் ஏலம் போயின. உரிமம், தீர்வை, கையிருப்பு உச்சவரம்பு, விற்பனை நேரம் என்று இன்றைய சட்ட இசைவுத் திட்டங்கள் பெருமையோடு பட்டியலிடும் பலவும் அன்றே இங்கு இருந்தன.

ஆணையம் சொன்னதும் சொல்லாததும்

இங்கிலாந்தில் மதுவிலக்கு இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் டபிள்யூ. எஸ். கெய்ன். இந்தியாவின் ஆயத்தீர்வைக் கொள்கையை இடைவிடாது கண்டித்தவர். 1893 மார்ச்சு 2-ஆம் நாள் பிரித்தானிய மக்களவையில் அவர் எழுப்பிய வினாவின் விளைவாகவே ஆணையம் அமைந்தது. தலைவர் மாக்வொர்த் யங். உறுப்பினர் எழுவருள் மூவர் இந்தியர்.

அவ்வறிக்கையின் நேர்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. மனநோய் விடுதிகளின் பதிவேடுகளில் ‘காரணம்: கஞ்சா’ என்று எழுதியிருந்ததை ஆணையம் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. 1892-ஆம் ஆண்டில் விடுதிகளில் சேர்க்கப்பட்டோர் 1,344 பேர். அவர்களுள் 222 பேரின் நோய்க்குக் கஞ்சாப் பொருள்களே காரணம் எனப் பதிவாகியிருந்தது. காவலர் சொன்னதை எழுத்தர் எழுதி, எழுதியதை மருத்துவர் ஏற்ற பதிவுகள் அவற்றுள் பல என்பதைக் கண்டு, ஒவ்வொருவர் வரலாற்றையும் மீண்டும் துருவிப் பார்த்தது ஆணையம். முடிவில் எஞ்சியவர் 98 பேர்.

சட்ட இசைவை வேண்டுவோர் 222 என்பது 98 ஆகக் குறைந்ததைக் கொண்டாடுவர். ஐயத்துக்குரிய ஒவ்வொரு பதிவையும் தள்ளிவிட்ட பிறகும் 98 பேர் நின்றனர் என்பதை அவர்கள் சொல்வதில்லை. கடுமையாக வடிகட்டிய அந்த ஆணையமே, மிதமிஞ்சிய பயன்பாடு உடலையும் உள்ளத்தையும் கெடுக்கும் என்றும், மனத்தளர்ச்சி உடையாரிடத்தில் பித்தை விளைக்கக்கூடும் என்றும் ஒப்புக்கொண்டது. மூன்று இந்திய உறுப்பினருள் இருவர், தாகிர்பூர் அரசர் சசிசேகரேசுவர் ராயும் முசாபர்நகர் லாலா நிகால் சந்தும், பெரும்பான்மையோடு உடன்படாமல் தனிக்குறிப்புகள் எழுதினர். மக்களோடு நெருங்கி வாழ்ந்த இருவரின் மாறுபாட்டை இன்று மேற்கோள் காட்டுவார் அரியர்.

தடை வேண்டா என்பதற்கு ஆணையம் கூறிய காரணங்களும் நோக்கத்தக்கவை. தடைசெய்தால் துறவிகளும் பக்கிரிகளும் மனக்கசப்புறுவர். மக்கள் மதுவையோ ஊமத்தை போன்ற நச்சுப்பொருள்களையோ நாடக்கூடும். காட்டுச் செடியாகவே வளரும் இதனைக் காவல்செய்தல் அரிது. இவை ஆட்சிக்கான காரணங்கள். நலவியல் காரணங்கள் இவற்றோடு பின்னிக் கிடந்தன. அயலார் ஆட்சி, தன் அமைதியையும் வருவாயையும் எண்ணிச் செய்த முடிவை, மனித உடலைப் பற்றிய அறிவியல் தீர்ப்பாகக் கொள்வது பொருந்தாது.

பாரிசு மாளிகையின் பாடம்

கஞ்சாவுக்கும் மனப்பிறழ்வுக்கும் உள்ள உறவை ஆணையத்துக்கு அரை நூற்றாண்டு முன்னரே ஆராய்ந்தவர் பிரெஞ்சு மருத்துவர் ழாக்-ழோசப் மொரோ. எகிப்து முதலிய கீழை நாடுகளில் பயணம் செய்து, அங்குப் பழக்கத்திலிருந்த ஹஷீஷைத் தாமே உண்டு பார்த்து, 1845-இல் ஹஷீஷையும் மனநோயையும் இணைத்து ஒரு நூல் எழுதினார். பித்தரின் உலகை உள்ளிருந்து காண அப்போதை ஒரு சாளரம் என்பது அவர் கருத்து. பொருளின் இயல்பை அவர் மறைக்கவில்லை. அறிவைச் சற்றே குலைத்துப் பார்க்கும் கருவி என்றே அதனைக் கருதினார்.

அவரைச் சுற்றிப் பாரிசு எழுத்தாளர்கள் கூடினர். சேன் ஆற்றுத் தீவிலுள்ள பிமொதான் மாளிகையில் ‘ஹஷீஷ் அருந்துவோர் கழகம்’ கூடிற்று. தெயோஃபில் கோத்தியே 1846-இல் அதனைப் பற்றி எழுதினார். போதைக்கும் கவிதைக்கும் உறவுண்டு என்னும் எண்ணத்துக்கு நவீன இலக்கியத்தில் அடியெடுத்துக் கொடுத்தது அம்மாளிகை எனலாம். ஆயினும் அங்குச் சென்று வந்தோர் கண்ட முடிவு வேறு. பத்துமுறை அளவில் உண்டு பார்த்த கோத்தியே அதனைக் கைவிட்டார். உண்மையான எழுத்தாளனுக்கு இயல்பான கனவுகளே போதும் என்பது அவர் கண்டது. அம்மாளிகையிலேயே குடியிருந்த போதலேர் 1860-இல் ‘செயற்கைச் சொர்க்கங்கள்’ என்னும் நூலை வெளியிட்டார். பெயரைக் கேட்டுப் புகழ்மாலை என்று எண்ணுவோர் உண்டு. உள்ளே இருப்பது கண்டனம். ஹஷீஷ் மன உறுதியை அரிக்கிறது என்பதும், எளிதில் சொர்க்கம் பெறுபவன் உழைப்பை மறக்கிறான் என்பதும் அந்நூலின் சாரம். படைப்புக்கு வேண்டியது மன உறுதி. கஞ்சா முதலில் கவர்வது அதனைத்தான். கவிஞர் சபையில் கஞ்சாவுக்கு வாதாடுவோர் போதலேரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால், அவர் எதிர்த்தரப்புக்கே சாட்சி சொல்வார்.

செனீவாவில் எகிப்தின் குரல்

கஞ்சாத் தடை என்பது 1937-இல் அமெரிக்கா தொடங்கிய இனவெறுப்புச் சட்டம் என்றும், அதனை உலகின் மீது அந்நாடு திணித்தது என்றும் பலர் எழுதுகின்றனர். இதில் பாதி உண்மை உண்டு. அமெரிக்காவின் அன்றைய பரப்புரையில் மெக்சிகரையும் கறுப்பரையும் இழிவுபடுத்தும் பேச்சு மலிந்திருந்தது. தமிழர் நினைவில் இருத்த வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்க நேட்டாலில் 1870-ஆம் ஆண்டுச் சட்டம் கரும்புத் தோட்டத்து இந்தியக் கூலிகள் கஞ்சா புகைப்பதையும் வைத்திருப்பதையும் விலக்கியது. அக்கூலிகளுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கருமே. அச்சட்டம் அவர்தம் நலம் கருதி எழுந்ததன்று. தோட்டமுதலாளியின் வேலைநாள் குறையாதிருக்க எழுந்தது. தடை ஒடுக்குமுறைக் கருவியாகவும் பயன்பட்டது என்பதை மறைத்து எழுதும் வரலாறு முழுமையாகாது.

எனினும் மறுபாதி உண்மையையும் சொல்லியாக வேண்டும். உலக அரங்கில் கஞ்சாத் தடையை வலியுறுத்திய முதன்மைக் குரல் எகிப்தினுடையது. அந்நாட்டில் 1800-இல் நெப்போலியன் விட்டுச்சென்ற படைத்தலைவர் மெனு ஹஷீஷை விலக்கி ஆணையிட்டார். 1879-இல் எகிப்தின் சொந்த அரசே அதன் இறக்குமதியைத் தடுத்தது. 1924-25-இல் நடந்த செனீவா அபினி மாநாட்டில், ஹஷீஷையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று எகிப்தியப் பேராளர் எல் கிந்தி எழுந்து முழங்கினார். தம் நாட்டு மனநோயாளரின் நிலையைச் சான்றாக எடுத்துரைத்தார். அவர் தந்த எண்ணிக்கைகள் மிகையென்பார் உளர். அந்தக் கோரிக்கை வெள்ளையர் நாடொன்றின் கட்டளையாக வரவில்லை, ஹஷீஷோடு நூற்றாண்டுகள் வாழ்ந்த ஒரு மக்களினத்தின் பட்டறிவிலிருந்து வந்தது என்பது மறுக்கவொண்ணாதது. அதற்குத் தயக்கம் காட்டிய தரப்புகளுள் கஞ்சாத் தீர்வையை வாங்கிக்கொண்டிருந்த பிரித்தானிய இந்திய அரசும் ஒன்று.

1961-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியாவின் மரபு கருதிப் பாங்கு இலைக்கு விலக்குக் கிடைத்தது. மருத்துவமல்லாத கஞ்சாப் பயன்பாட்டை ஒழிக்க இருபத்தைந்து ஆண்டுக் காலக்கெடுவும் கிடைத்தது. அக்கெடு முடிவதற்குள், 1985-இல், போதைமருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டம் நிறைவேறியது.

அறிவியல் பின்னர்க் கண்டவை

1894-ஆம் ஆண்டின் ஆணையத்துக்கு நெடுங்கால ஆய்வு என்னும் கருவி இல்லை. ஒரு தலைமுறை இளைஞரைத் தேர்ந்து, பல்லாண்டு தொடர்ந்து, யார் நோயுற்றார், யார் நோயுறவில்லை என்று கணக்கிடும் முறை இருபதாம் நூற்றாண்டில் வந்தது.

சுவீடனில் படைக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞரைப் பதினைந்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1987-இல் வெளிவந்தது. பதினெட்டு வயதுக்குள் ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியோர்க்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதோரைவிட ஆறு மடங்காக இருந்தது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73-இல் பிறந்தோரைத் தொடர்ந்த ஆய்வு, பதினைந்து வயதுக்குள் தொடங்கியவருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இருபத்தாறு வயதில் மனச்சிதைவு போன்ற கோளாற்றுக்கு ஆளானதை 2002-இல் காட்டிற்று. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பதினோரிடங்களில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு, வீரியம் மிக்க கஞ்சாவை நாள்தோறும் பயன்படுத்துவோர்க்கு மனப்பிறழ்வு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு எனக் கண்டது.

இவற்றால் கஞ்சா தொட்டவரெல்லாம் பித்தராவர் என்பது பெறப்படாது. பெரும்பாலோர் ஆவதில்லை. மரபுவழி நொய்ம்மை, குழந்தைப் பருவத் துன்பம் முதலியனவும் காரணங்களுள் அடங்கும். ஆயினும் எவர் மூளை நொய்ம்மையுடையது என்பதைப் பதினாறு வயதில் எவரும் அறியார். பொதுநல நோக்கில் கேட்க வேண்டிய வினா, பெரும்பாலோர் தப்புவரா என்பதன்று. தப்பாதவர் எண்ணிக்கையைச் சட்டம் கூட்டுமா குறைக்குமா என்பதே.

பொருளும் மாறிவிட்டது. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் 1995-இல் நூற்றுக்கு 4 அளவிலிருந்த டி.எச்.சி. 2014-இல் 12 அளவுக்கு உயர்ந்தது. கடைகளில் விற்கும் செறிசாறுகளில் நூற்றுக்கு 60-ஐத் தாண்டும். பாங்குக் குவளையைப் பற்றி ஆணையம் சொன்ன சொல்லை இச்சாறுக்குப் பொருத்துவது, கள்ளைப் பற்றிச் சொன்னதை எரிசாராயத்துக்குப் பொருத்துவது போன்றது.

சாலைப் பாதுகாப்பு வேறொரு கேடு. பிரான்சில் உயிரிழப்பு விபத்துகளில் சிக்கிய 10,748 ஓட்டுநரை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கஞ்சாவின் தாக்கத்தில் இருந்தோர் விபத்துக்குப் பொறுப்பாளராகும் வாய்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு எனத் தெரிந்தது. மதுவின் கேடு இதனினும் பன்மடங்கு என்பதும் அவ்வாய்விலேயே உண்டு. மதுவுக்கு மூச்சைச் சோதிக்கும் நம்பகமான கருவி உள்ளது. கஞ்சாவிலோ போதை தெளிந்த பின்னும் இரத்தத்தில் தடயம் நிற்கும். தடயத்தின் அளவு போதையின் அளவைக் காட்டாது. காவலர் கையில் உரிய அளவுகோலே இல்லாத ஒரு போதையைச் சாலைக்கு அனுப்புவது அறிவுடைமையாகாது.

இசைவு தந்த நாடுகளில்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2012-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2014 சனவரி முதல் நாள் கடைகளைத் திறந்தது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. கஞ்சா மிட்டாயாகவும் பிஸ்கட்டாகவும் வீட்டுக்குள் வந்தது. அந்நாட்டு நச்சுமுறிவு மையங்களுக்கு வந்த அழைப்புகளில், கஞ்சாத் தின்பண்டம் தின்றுவிட்ட ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2017-இல் 207 பேர். 2021-இல் 3,054 பேர். இக்குழந்தைகளுள் எவரும் கஞ்சாவைத் தேர்ந்தெடுக்கவில்லை. தனிமனித உரிமை என்னும் வாதம் இவர்கள் முன் நாவடங்க வேண்டும்.

கனடா 2018 அக்டோபர் 17-இல் நாடு முழுவதும் இசைவு தந்தது. தின்பண்டங்களை இறுக்கிப் பிடித்த கியூபெக் மாகாணத்தைவிட, அவற்றைக் கடைகளில் அனுமதித்த பிற பெரிய மாகாணங்களில் குழந்தைகள் நஞ்சேறி மருத்துவமனை சேர்வது மிகுந்திருந்தது. ஒன்றாரியோவில், புதிதாக மனச்சிதைவு கண்டறியப்பட்டோருள் கஞ்சா நோயோடு தொடர்புடைய பங்கு நூற்றுக்கு 3.7-லிருந்து இசைவுக்குப் பின் 10.3 ஆக உயர்ந்ததாக 2025-இல் வெளியான ஆய்வு கூறிற்று. தொடர்பு என்பது காரணம் என்பதாகிவிடாது. எனினும் மருத்துவரைத் தூங்கவிடாத எண்கள் இவை.

உருகுவே 2013-இல் சட்டம் இயற்றி, 2017 முதல் மருந்துக்கடைகளில் அரசின் கண்காணிப்பில் கஞ்சா விற்றது. வணிகர் பேராசைக்கு இடமில்லாத வழி என அது போற்றப்பட்டது. தொடக்கத்தில் வீரியம் குறைந்த பூக்களே விற்பனைக்கு வந்தன. வாங்குவோர் பலர் கள்ளச் சந்தையின் வீரியத்தையே நாடினர். 2022 இறுதியில் வீரியம் கூடிய புதுவகையை அரசே களமிறக்க நேர்ந்தது. கள்ள வணிகனோடு போட்டியிட இறங்கிய அரசு அவன் சரக்கையே விற்கத் தொடங்குகிறது.

தாய்லாந்தின் கதை இன்னும் அண்மையது. 2022 சூன் 9-இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது அந்நாடு. நலவாழ்வு அமைச்சரே பத்து லட்சம் செடிகளை வழங்குவதாக அறிவித்தார். ஒழுங்குபடுத்தும் சட்டம் வருமுன்னரே ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. மூன்றாண்டுகளுக்குள், 2025 சூனில், மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கலாகாது என்று ஆணை பிறந்தது. கதவைத் திறந்தவர்க்கு ஒரு நாள் போதியதாயிருந்தது. மூட முனைந்தபோது உள்ளே கடைக்காரரும் உழவரும் முதலீட்டாளரும் நின்றிருந்தனர்.

தமிழகம் அறிந்த பாடம்

இவ்வுண்மையைத் தமிழர்க்கு அயல்நாட்டார் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் இராசாசி தொடங்கிய மதுவிலக்குச் சட்டம் மதுவோடு போதைப்பொருள்களையும் விலக்கியது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியை அவர் கொண்டுவந்தார். வருவாய்க்கு வேறு வழி உண்டு என்பதற்கு அதுவே சான்று. பின்னர் 1971-இல் விலக்குத் தளர்ந்தது. மூடியும் திறந்தும் சென்ற பல திருப்பங்களுக்குப் பின், 2003-இல் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே ஏற்றது. விற்பனை வரியும் நின்றது. மது வருவாயும் திரும்பி வந்தது. 2023-24-ஆம் ஆண்டில் மதுவினால் தமிழக அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். எந்தக் கட்சி ஆண்டாலும் இத்தொகையை இழக்க அஞ்சுகிறது. நலத்திட்டங்கள் அதன் மீது கட்டப்பட்டுள்ளன. நவகாவின் பள்ளிகள் கஞ்சாவின் மீது கட்டப்பட்டது போலவே. இப்பட்டியலில் கஞ்சாவையும் சேர்த்தபின், அதனைக் குறைக்கத் துணியும் நிதியமைச்சர் எங்கிருந்து வருவார்?

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைக்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்தவர், கள்ளுண்ணாமையைத் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாகப் பொருட்பாலில், சூதுக்கு முன்னர் வைத்தார். போதை என்பது தனியொருவரின் ஒழுக்கத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று, நாட்டின் வாழ்வோடு தொடர்புடையது என்னும் பார்வை அவ்வைப்பில் தெரிகிறது. இந்திய அரசமைப்பின் 47-ஆம் பிரிவு, மக்களின் நலவாழ்வை உயர்த்துவதை அரசின் முதற் கடமைகளுள் ஒன்றாக்கி, நலத்துக்குக் கேடான மதுவையும் போதைப்பொருள்களையும் மருத்துவத்துக்கன்றிப் பயன்படுத்துவதை விலக்க முயலுமாறு கூறுவதும் அதே பார்வையில்தான்.

தடை வேறு, சிறை வேறு

விற்பனைக்கு இசைவு வேண்டா என்பது, பழக்கத்துக்கு ஆளான இளைஞனைச் சிறையில் தள்ளு என்பதாகாது. 2001-இல் போர்ச்சுகல் சொந்தப் பயனுக்கான சிற்றளவை வைத்திருப்போர்க்குக் குற்றத் தண்டனையை நீக்கி, மருத்துவரும் சமூகப்பணியாளரும் இடம்பெறும் குழுக்களின் முன் அவர்களை அனுப்பியது. விற்பனை அங்கே குற்றமாகவே நீடித்தது. கடையும் திறவாமல், சிறையும் நிரப்பாமல் நடக்கும் வழி ஒன்று உண்டு என்பதை இது காட்டுகிறது. இந்தியச் சட்டத்திலும் 64ஏ பிரிவு, தாமே முன்வந்து மருத்துவம் பெறும் அடிமைநோயாளர்க்கு வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. ஏட்டிலிருக்கும் அப்பிரிவை நடைமுறைக்குக் கொணர்வதே தேவை.

மருத்துவப் பயனும் தனிக்கணக்கு. 1839-இல் கல்கத்தாவில் ஓஷானசி கஞ்சாவை மேலை மருத்துவத்துக்கு அறிமுகம் செய்தார். கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த வலிப்பு மருந்து ஒன்று 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அபினியிலிருந்து வலிநீக்கி எடுப்பதற்காக எவரும் தெருமுனையில் அபினிக்கடை திறப்பதில்லை. கஞ்சாவுக்கும் அதே அளவுகோல் போதும்.

2019-இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, கஞ்சாப் பொருள்களால் சிக்கலுற்று உதவி வேண்டி நிற்போர் இந்தியாவில் ஏறத்தாழ 72 லட்சம் பேர். சட்டத்தின் வாயிலைத் திறக்குமுன் இந்த 72 லட்சம் பேருக்குப் படுக்கை எங்கே, மருத்துவர் எங்கே என்று கேட்கும் கடமை எழுத்துலகுக்கு உண்டு. 1793-இல் ஒரே விதிக்குள் அடைபட்ட இரண்டு நோக்கங்களுள் எது வென்றது என்பதை நூற்றாண்டுகள் காட்டிவிட்டன. நுகர்வைத் தடுக்கும் நோக்கம் தாளில் நின்றது. வருவாயைப் பெருக்கும் நோக்கம் கடையில் நின்றது. அதே விதியைப் புதிய பெயரில் மீண்டும் எழுதக் கேட்போர்க்கு, வரலாறு தரும் விடை இதுவே.